எட்டு பெண்கள், எட்டு க்ரைம் நாவல், ஒரே பெட்டி: வாங்கலாமா?

முதல்லயே சொல்லிடறேன், க்ரைம் நாவல்னா உயிரு, ஆனா பிடிச்ச ஆளுங்களை எல்லாம் படிச்சு முடிச்சாச்சு, புதுசா யாரையாவது பிடிக்கணும், அதுவும் பெண்கள் எழுதுனதா இருந்தா நல்லாருக்கும்னு தேடிக்கிட்டு இருக்கிறவரா நீங்க இருந்தா இந்த ரிவ்யூ உங்களுக்குத்தான். மத்தவங்க விலையைப் பார்த்துட்டு என்னைத் திட்டுவீங்க, அதனால இப்பவே கிளம்பிடலாம்.

பொருள் என்னன்னா, அமெரிக்காவுல லைப்ரரி ஆஃப் அமெரிக்கான்னு ஒரு பதிப்பகம் இருக்கு, லாப நோக்கமில்லாத அமைப்பு, மார்க் ட்வைன், மெல்வில், ஃபாக்னர்னு அவங்க ஊரு பெரிய தலைங்களோட எழுத்தை கெட்டி அட்டையில தரமா போடுறதுதான் வேலையே. அவங்க 2015ல 'விமன் க்ரைம் ரைட்டர்ஸ்'னு ரெண்டு வால்யூம் அடங்குன ஒரு செட் போட்டாங்க. முதல் வால்யூம்ல 1940கள்ல வந்த நாலு நாவல், ரெண்டாவதுல 1950கள்ல வந்த நாலு. எட்டும் முழு நாவல், சுருக்கினது இல்ல. எட்டையும் எழுதுனது எட்டு வேற வேற அம்மணிங்க. தேர்ந்தெடுத்தது சாரா வைன்மேன், க்ரைம் எழுத்தைப் பத்தியே வருஷக்கணக்கா எழுதிட்டு வர்றவங்க, இதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி 2013ல இதே மாதிரி பெண்கள் எழுதுன சிறுகதைகளை ஒரு தொகுப்பா கொண்டுவந்தவங்க.

இது எனக்கு ஏன் தேவைப்பட்டுச்சுன்னா, புது எழுத்தாளரைக் கண்டுபிடிக்கிறது இருக்கே, அது இப்போ ரொம்ப சுலபம்னு எல்லாரும் நினைக்கிறாங்க, நிஜத்துல ரொம்ப கஷ்டமாயிடுச்சு. ஆன்லைன்ல ஒரு அகதா கிறிஸ்டி வாங்கினா போதும், அடுத்த ஆறு மாசத்துக்கு அகதா கிறிஸ்டியையே வேற வேற அட்டையில காட்டிக்கிட்டு இருக்கும், அதத் தாண்டினா டைட்டில்ல 'கேர்ள்'னு வர்ற புத்தகமா வரிசை கட்டும், எல்லா அட்டையிலயும் ஒரு பொண்ணு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கும். ஒரே விஷயத்தை நாலு தடவை கேட்டா நாலு தடவையும் அதே பத்து பேரைச் சொல்ற மெஷின்கிட்ட போயி புதுசா கேட்டு என்ன பிரயோஜனம். ரசனை உள்ள ஒரு மனுஷி உக்காந்து, பழைய புத்தகத்தை எல்லாம் தேடிப் படிச்சு, "இந்த எட்டையும் படி"ன்னு பொறுக்கிக் குடுக்கிறது வேற. அந்த வேலைக்குத்தான் காசு.

நம்ம ஊரு கதையை ஒரு நிமிஷம் பேசிட்டு வர்றேன். நமக்கு க்ரைம்னா மாத நாவல்தான், பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில வரிசையா தொங்கும், ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபான்னு படிச்சுத்தான் என் வயசு ஆளுங்க பாதிப் பேரு வளர்ந்தோம். அதுல பெண்கள் இருப்பாங்க, ஆனா ரூபலாவா, சுசீலாவா, வைஜெயந்தியா, துப்பறியிறவர் பக்கத்துல நிப்பாங்க. அட்டையில ஒரு பெண் பேரு இருந்தாக்கூட உள்ள எழுதுனது ஆம்பளை. சுஜாதான்னா ரங்கராஜன் சார், சம்சாரம் பேரு. புஷ்பா தங்கதுரைன்னா ஸ்ரீவேணுகோபாலன். அங்க அமெரிக்காவுல இதுக்கு நேர் எதிர், இந்த செட்டுல வர்ற டோலோரஸ் ஹிச்சன்ஸ் பாதி புத்தகத்தை டி.பி. ஓல்சன்னு வெறும் இனிஷியல் போட்டு எழுதினாங்க, அட்டையைப் பார்த்து ஆணா பெண்ணான்னு சொல்லவே முடியாது. நம்மகிட்ட பெண்களே இல்லைன்னு சொல்ல வரல, வை.மு. கோதைநாயகி அம்மாள் அந்தக் காலத்துலயே ஜகன்மோகினி பத்திரிகையையும் நடத்திக்கிட்டு நூத்துக்கும் மேல நாவல் எழுதித் தள்ளினாங்க, துப்பறியும் வாசனை அடிக்கிற கதையும் அதுல உண்டு. ஆனா இன்னிக்கு க்ரைம்னு சொன்னா அவங்க பேரு யாருக்கு ஞாபகம் வருது? சரி, செட்டுக்கு வர்றேன்.

எட்டையும் ஒரே மூச்சுல படிச்சா ஒண்ணு நல்லா புலப்படும். அந்தக் காலத்து அமெரிக்க க்ரைம்னா நமக்குத் தெரிஞ்சது தொப்பி வச்சிக்கிட்டு, சிகரெட் பிடிச்சிக்கிட்டு, மழையில நடக்கிற தனியார் துப்பறியும் நிபுணர், சாண்ட்லர், ஹாமெட் வகையறா. இதுல அந்த மாதிரி ஆளே கிடையாது. போலீஸ் வருது, ஆனா பெரும்பாலும் ஓரமா. குற்றம் நடக்கிறது வீட்டுல, ஹோட்டல் ரூம்ல, காலேஜ்ல, டெலிபோன்ல. பயம் எங்கிருந்து வருதுன்னா, கட்டின புருஷன்கிட்ட இருந்து, சிநேகிதன்கிட்ட இருந்து, குழந்தையைப் பார்த்துக்க வந்தவகிட்ட இருந்து, சில சமயம் தனக்குள்ள இருந்தே. இன்னிக்கு 'டொமஸ்டிக் சஸ்பென்ஸ்'னு தனி அலமாரி போட்டு விக்கிறாங்களே, கில்லியன் ஃப்ளின்னோட 'கான் கேர்ள்' 2012ல வந்து பத்த வச்சது, அதுக்கெல்லாம் பாட்டிமாருங்க இவங்கதான்.

எனக்கு இதுல உச்சம்னா 'தி பிளாங்க் வால்', 1947, எலிசபெத் சாங்க்ஸே ஹோல்டிங் எழுதுனது. லூசியா ஹோலின்னு ஒரு குடும்பத்தலைவி, புருஷன் இரண்டாம் உலகப்போர்ல பசிபிக் பக்கம் எங்கயோ இருக்காரு. வீட்டுல காலேஜ் படிக்கிற வயசுல பொண்ணு, ஸ்கூல் படிக்கிற பையன், வயசான அப்பா, வேலைக்கு சிபில்னு ஒரு கறுப்பினப் பெண்மணி. பொண்ணு ஒரு கல்யாணமான தறுதலைகிட்ட போயி மாட்டிக்கிட்டு இருக்கா. ஒரு நாள் காலையில பார்த்தா அந்த ஆளு இவங்க படகுக் கொட்டகையில செத்துக் கிடக்கான். லூசியா என்ன பண்றா? போலீசைக் கூப்பிடல, கத்தல. குடும்பம் எழுந்து காபிக்கு வர்றதுக்குள்ள வேலையை முடிக்கணும்னு பொணத்தை மோட்டார் படகுல ஏத்திக்கிட்டுப் போயி ஒரு தீவுல போட்டுட்டு வர்றா. வந்த உடனே பையன் கேக்குறான், ஏன்மா என்னை விட்டுட்டு படகை எடுத்தேன்னு.

இந்த நாவலோட அழகே அங்கதான் இருக்கு. அவளைக் காசு கேட்டு மிரட்டுறவனுங்க வந்து நிக்கிறானுங்க, அதே நேரத்துல ரேஷன் பாயிண்டு போதுமா, ராத்திரிக்கு என்ன சமைக்கிறது, அப்பாவுக்கு வந்தவங்களை யாருன்னு சொல்றது, எல்லாமே அவ தலையில. தனியா வெளியில போகணும்னா நாலு பேருக்கு பதில் சொல்லணும், எங்க போற, ஏன் போற, எப்ப வருவே. ஒரு இல்லத்தரசிக்கு வீட்டை விட்டு ஒரு மணி நேரம் யாருக்கும் தெரியாம கிளம்புறது எவ்வளவு பெரிய சாகசம்னு ஒரு த்ரில்லர்ல இப்படி நான் வேற எங்கயும் படிக்கல. ராத்திரி ஆனா புருஷனுக்கு லெட்டர் எழுதுவா, கதை ஆரம்பிக்கிறதே அந்த லெட்டர்லதான், ரொம்ப சப்புன்னு இருக்கிற லெட்டர்னு அவளுக்கே தெரியும். வீட்டுல எல்லாரும் சௌக்கியம், அவ்வளவுதான். பொணத்தைத் தூக்கிப் போட்டுட்டு வந்த பிறகும் லெட்டர்ல அதே சௌக்கியம்தான். அவளுக்கு என்னமோ ஆயிருக்குன்னு மோப்பம் பிடிச்சு, ஒரு வார்த்தை கேக்காம கூட நிக்கிறது சிபில் மட்டும்தான், ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிற அந்தப் பேசாத புரிதலுக்காகவே திரும்பப் படிக்கலாம்.

ஹோல்டிங் மொதல்ல எழுதினது க்ரைம் இல்ல, சீரியஸ் நாவல்கள். 1929ல பங்குச்சந்தை விழுந்து காசு வறண்டதும்தான் இந்தப் பக்கம் திரும்பினாங்க. ரேமண்ட் சாண்ட்லரே இவங்களைத் தலையில தூக்கி வச்சிக் கொண்டாடியிருக்காரு, சஸ்பென்ஸ் எழுதுறதுல இவங்களை மிஞ்ச ஆள் இல்லைங்கிற அளவுக்கு. அப்படியும் சாண்ட்லர் பேரு உலகத்துக்கே தெரியும், இவங்க பேரைச் சரியா உச்சரிக்கவே எனக்குக் கொஞ்ச நாள் ஆச்சு. இந்தக் கதையை ரெண்டு தடவை படமாவும் எடுத்தாங்க, 1949ல மேக்ஸ் ஓஃபுல்ஸ் 'தி ரெக்லஸ் மொமண்ட்'னு, அப்புறம் 2001ல 'தி டீப் எண்ட்'னு.

அடுத்து 'இன் எ லோன்லி பிளேஸ்', டாரதி பி. ஹியூஸ், இதுவும் 1947. போர் முடிஞ்ச லாஸ் ஏஞ்சலஸ், விமானம் ஓட்டிட்டு இருந்த டிக்ஸ் ஸ்டீல்னு ஒருத்தன், இப்போ வேலை வெட்டி இல்ல. முதல் பக்கத்துலயே கடற்கரை மேட்டுல பனிமூட்டத்துல நின்னுக்கிட்டு பழையபடி பறக்க முடியலையேன்னு ஏங்கிக்கிட்டு இருக்கான், கீழ ஒரு பஸ் நிக்குது, ஒரு பொண்ணு இறங்குறா, இவன் பின்னாடியே நடக்க ஆரம்பிக்கிறான். அவ்வளவுதான், அந்த நடையிலயே நமக்கு வயித்துல புளி கரைஞ்சிடும். கொலைகாரன் யாருன்னு தேடுற கதை இல்ல இது, அவன் தலைக்குள்ளயே நம்மளை உக்கார வச்சிடறாங்க ஹியூஸ். ஆனா ஒரு கொலையைக்கூட நேரா காட்டமாட்டாங்க, ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. இன்னிக்கு சீரியல் கில்லர் கதை எழுதுற பாதிப் பேருக்கு இதைக் கட்டாயப் பாடமா வைக்கணும்.

இவன் குடியிருக்கிறது இன்னொருத்தன் வீடு, போட்டுக்கிறது அவன் சட்டை, ஓட்டுறது அவன் காரு, அந்த ஆளு எங்கய்யான்னு கேட்டா பிரேசில் போயிட்டான்னு சொல்லுவான். கூட போர்ல இருந்த சிநேகிதன் இப்போ போலீஸ்ல டிடெக்டிவ், இவன் அவன் வீட்டுக்கே போயி கேஸ் எப்படிப் போகுதுன்னு விசாரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். ஆனா இவனை மொதல்ல சந்தேகப்படுறது அந்த போலீஸ்காரன் இல்ல, அவன் பொண்டாட்டி சில்வியா. எதுவும் பேசமாட்டா, கவனிப்பா, அவ பார்வையே அவனுக்கு உறுத்தும். கதையை முழுக்க அவன் கண்ணால சொல்லிக்கிட்டே அவனுக்குப் புரியாத ஒண்ணை நமக்குப் புரிய வைக்கிறது லேசுப்பட்ட வித்தை இல்ல. 1950ல ஹம்ஃப்ரி போகார்ட் நடிச்சு படம் வந்துச்சு, படம் அருமை, ஆனா கதையை தலைகீழா மாத்திட்டாங்க, படம் பார்த்தாச்சுன்னு புத்தகத்தை விட்டுடாதீங்க. ஹியூஸ் வருஷக்கணக்கா பத்திரிகையில க்ரைம் நாவலுக்கு விமர்சனம் எழுதினவங்க, 1963ல வந்த 'தி எக்ஸ்பெண்டபிள் மேன்'தான் கடைசி நாவல், அப்புறம் குடும்பத்தைப் பார்த்துக்கவே நேரம் சரியாப் போச்சு. இது நமக்கு ரொம்பப் பழக்கப்பட்ட கதைதான். பெரி மேசன் பிரியர்களுக்கு ஒரு கொசுறு: அந்த வக்கீல் கதைகளை எழுதின எர்ல் ஸ்டான்லி கார்ட்னரோட வாழ்க்கை வரலாற்றை 1978ல எழுதினது இதே ஹியூஸ்தான்.

'லாரா', வெரா காஸ்பரி, 1943. விளம்பரக் கம்பெனியில நல்ல வேலையில இருக்கிற, சொந்தக் காசுல சொந்த ஃபிளாட்ல வாழுற ஒரு பொண்ணு, அவ வீட்டு வாசல்லயே கொலை. கதையை ஒவ்வொருத்தரா மாத்தி மாத்தி சொல்லுவாங்க, ஒவ்வொரு ஆம்பளையும் தனக்குப் பிடிச்ச மாதிரி ஒரு லாராவைச் செஞ்சு வச்சிருப்பான். நடுவுல ஒரு திருப்பம் இருக்கு, படம் பார்க்காதவங்க தயவுசெஞ்சு இணையத்துல தேடிப் படிச்சிடாதீங்க. காஸ்பரியும் விளம்பர வாசகம் எழுதி சொந்தக் கால்ல நின்னவங்கதான், அதனால லாரா வேலைக்குப் போறது சும்மா அலங்காரத்துக்கு இருக்காது. 1944ல படமா வந்தப்போ லாராவை எப்படிக் காட்டணும்னு டைரக்டர் பிரெமிங்கர்கூட சண்டையே போட்டிருக்காங்க. புத்தகம் படிச்சா ஏன் சண்டை போட்டாங்கன்னு தெரியும்.

ஹெலன் யூஸ்டிஸோட 'தி ஹாரிசாண்டல் மேன்', 1946, பொண்ணுங்க காலேஜ்ல ஒரு இளம் புரொபசர் கொலை. அமெரிக்காவுல க்ரைம் எழுத்துக்குன்னே குடுக்கிற எட்கர் விருது இருக்கே, முதல் நாவலுக்கான அந்த விருது 1947ல இதுக்குத்தான் கிடைச்சுது. காலேஜ் அரசியல், புரொபசர்களோட பொறாமை எல்லாம் குத்தலா நல்லாருக்கு, ஆனா மனோதத்துவ விஷயத்துல அந்தக் கால வாடை ரொம்ப அடிக்குது, முடிவு வர்றதுக்கு முன்னாடியே எனக்குப் புரிஞ்சிடுச்சு. செட்டுல என்னைக் கொஞ்சம் இழுக்கடிச்சது இது ஒண்ணுதான். யூஸ்டிஸ் எழுதினதே ரெண்டு நாவல், செட் வந்த அதே 2015 ஆரம்பத்துல காலமாயிட்டாங்க.

ரெண்டாவது வால்யூம் முதல்ல 'மிஸ்சிஃப்', ஷார்லட் ஆர்ம்ஸ்ட்ராங், 1950. குழந்தை இருக்கிற வீட்டுல இருந்துக்கிட்டு ராத்திரியில படிக்காதீங்கன்னு எச்சரிக்கிறேன். நியூயார்க் ஹோட்டல்ல தங்கியிருக்கிற தம்பதி ஒரு விருந்துக்குப் போகணும், ஒன்பது வயசுப் பொண்ணைப் பார்த்துக்க லிஃப்ட் ஆபரேட்டர் 'நெல்'ங்கிற தன் சொந்தக்காரப் பொண்ணைக் கூட்டிட்டு வர்றாரு. நெல்லுக்கு ஏதோ சரியில்லைன்னு நமக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது. ஒரே ராத்திரியில முடியிற கதை. இதுல என்னை உலுக்கினது நெல் இல்ல, எதிர் ஜன்னல்காரங்க. குழந்தை அழுற சத்தம் கேக்குது, ஏதோ தப்பா படுது, ஆனா அடுத்தவங்க விஷயத்துல நாம எப்படிப் போயி தலையிடறதுன்னு யோசிச்சுக்கிட்டே நிக்கிறாங்க. அபார்ட்மெண்ட்ல குடியிருக்கிற எல்லாரும் அந்த யோசனையை ஒரு தடவையாவது யோசிச்சிருப்போம். 1952ல படமா வந்துச்சு, நெல்லா நடிச்சது மர்லின் மன்றோ.

பாட்ரிசியா ஹைஸ்மித்தை அறிமுகம் பண்ணத் தேவையில்லை, ரிப்ளிங்கிற மோசடிக்காரனை வச்சு எழுதின நாவல்கள் புண்ணியத்துல எல்லாருக்கும் தெரியும். இதுல வர்றது அவ்வளவா பேசப்படாத 'தி பிளண்டரர்', 1954. பொண்டாட்டியைக் கொன்னுட்டு மாட்டாம இருக்கிற ஒரு புத்தகக் கடைக்காரன், அந்தச் செய்தியைப் பேப்பர்ல படிச்சிட்டு தன் பொண்டாட்டியை நினைச்சுப் பார்க்கிற ஒரு வக்கீல். அந்த வக்கீல் ஒண்ணும் பண்ணல, ஆனா பேப்பர்ல அந்தத் துண்டைக் கிழிச்சு வச்சிக்கிறான் பாருங்க, அங்க பிடிச்ச சனி கடைசிவரைக்கும் விடாது. ஒவ்வொரு பொய்யும் தேவையில்லாத பொய், படிக்கப் படிக்க "யோவ் வாயை மூடுய்யா"ன்னு கத்தத் தோணும்.

மார்கரெட் மில்லரோட 'பீஸ்ட் இன் வியூ', 1955. பணம் இருக்கு, மனுஷங்க இல்ல, ஹோட்டல் ரூம்ல தனியாக் கிடக்கிற ஒரு பொண்ணுக்கு ஒரு போன் வருது, நான் உன் பழைய தோழி எவலின்னு சொல்லிட்டு பயமுறுத்துறா. முடிவைப் பத்தி வாயே திறக்கமாட்டேன், ஒண்ணு மட்டும் சொல்றேன், அதைப் பார்த்து காப்பி அடிச்ச படமும் கதையும் அதுக்கப்புறம் எக்கச்சக்கம், அதனால உங்களுக்கு லேசா ஊகிக்க முடியலாம், அது மில்லர் குத்தம் இல்ல. 1956ல சிறந்த நாவலுக்கான எட்கர் விருது இதுக்குத்தான், அந்த வருஷம் தோத்த நாவல்கள்ல ஒண்ணு ஹைஸ்மித்தோட முதல் ரிப்ளி! இவங்க வீட்டுக்காரரு யாருன்னா ராஸ் மெக்டொனால்ட், லூ ஆர்ச்சர் துப்பறியும் கதைகள் எழுதினவரு, நிஜப் பேரு கென்னத் மில்லர். பொண்டாட்டி ஏற்கெனவே மில்லர்னு பேரு வாங்கிட்டதால குழப்பம் வரக்கூடாதுன்னு அவருதான் புனைபெயர் வச்சிக்கிட்டாரு. பின்னால அவரு புகழ்ல இவங்க மறைஞ்சு போனதுதான் கொடுமை. மில்லரோட வசனம் ஒவ்வொண்ணும் ஊசி மாதிரி இறங்கும், இந்த செட்டால எனக்கு லாபம்னா மொதல்ல இவங்கதான், தேடித் தேடிப் படிச்சிட்டு இருக்கேன்.

கடைசியா ஹிச்சன்ஸோட 'ஃபூல்ஸ் கோல்ட்', 1958. ரெண்டு வெட்டிப் பசங்க, ஒரு அப்பாவிப் பொண்ணு, அவ இருக்கிற வீட்டுல ஒளிச்சு வச்சிருக்கிற பணம், திருட்டுத் திட்டம், எல்லாம் சொதப்பல். விறுவிறுப்பு, ஆனா மனசுல ரொம்ப நாள் நிக்கல. கோதார் 1964ல 'பாண்ட் ஆ பார்'னு எடுத்தாரே, அந்தப் பிரெஞ்சுப் படத்துக்கு மூலம் இதுதான், உலக சினிமா பைத்தியங்க இதுக்காகவே படிப்பாங்க.

இப்போ பொருளா எப்படி இருக்கு. கெட்டி அட்டை, துணி பைண்டிங், பக்கம் அடையாளம் வைக்க ரிப்பன், பேப்பர் பைபிள் மாதிரி மெல்லிசு, பழுக்காத ரகம். மெல்லிசா இருக்கிறதாலதான் நாலு நாவல் ஒரு வால்யூம்ல அடங்குது, ஆனா பின்பக்கத்து எழுத்து லேசா நிழலாடும், டியூப்லைட் வெளிச்சத்துல பரவால்ல, பஸ்ல ரயில்ல கஷ்டம். படுத்துக்கிட்டு நெஞ்சு மேல வச்சுப் படிக்கிறவங்களுக்கு கனம் கொஞ்சம் ஜாஸ்தி. பின்னாடி எட்டு பேரைப் பத்தியும் வாழ்க்கைக் குறிப்பு இருக்கு, கதைக்குள்ள வர்ற அந்தக் கால விஷயங்களுக்கு விளக்கமும் இருக்கு. வாழ்க்கைக் குறிப்பை நாவலுக்கு அப்புறம் படிங்க, அது தனி சுகம், யாரு காசுக்காக எழுதினாங்க, யாரு பாதியில நிறுத்தினாங்கன்னு அதுலயே ஒரு நாவல் ஓடுது.

விலை கையைக் கடிக்கும். இறக்குமதிப் புத்தகம், ஷிப்பிங் வேற. நான் ஆர்டர் போட்ட ஆன்லைன் கடை பேரைச் சொல்லல, பெட்டிக்குள்ள காத்துப் பையோ காகிதமோ எதுவும் வைக்காம சும்மா போட்டு அனுப்பி, வெளி உறையோட ஒரு மூலை நசுங்கித்தான் வந்துச்சு, மாத்திக் குடுங்கன்னு கேட்டா திருப்பி அனுப்புற செலவு உங்களுதுன்னு பதில். புத்தகத்துக்கு ஒண்ணும் ஆகல, அதனால விட்டுட்டேன். ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி பேக்கிங், ரிட்டர்ன் பத்தி விக்கிறவங்ககிட்ட கேட்டுக்கோங்க. ரெண்டு வால்யூமையும் தனித்தனியாவும் விக்கிறாங்க, ஒண்ணுதான் முடியும்னா கண்ணை மூடிக்கிட்டு 1940கள் வால்யூம்னு சொல்லியிருப்பேன், ஆனா மில்லர் ரெண்டாவதுலதானே இருக்காங்க, அதுதான் சிக்கல். கடையில கிடைக்கிற தனிப் பதிப்பும் உண்டு: 'தி பிளாங்க் வால்' இங்கிலாந்து பெர்சிஃபோன் புக்ஸ் போட்டிருக்காங்க, 'இன் எ லோன்லி பிளேஸ்' நியூயார்க் ரிவ்யூ கிளாசிக்ஸ்லயும் பெங்குவின்லயும் இருக்கு. ஒரு நாவல் ருசி பார்த்துட்டு அப்புறம் செட் வாங்குறதுதான் புத்திசாலித்தனம்.

குறைன்னு சொல்லணும்னா தேர்வுல ஒண்ணு உறுத்துது. எட்டு பேரும் வெள்ளைக்காரங்க. அந்தக் கால அமெரிக்கப் பதிப்புலகம் யாருக்குக் கதவைத் திறந்துச்சுங்கிறது தெரிஞ்ச விஷயம்தான், இருந்தாலும் 'தி பிளாங்க் வால்' படிச்சிட்டு சிபில் கண்ணால இந்தக் கதை எப்படி இருந்திருக்கும்னு யோசிக்காம இருக்க முடியல. அந்த ஏக்கம் உள்ளவங்க நேரா பார்பரா நீலிகிட்ட போயிடுங்க, 1992ல வந்த 'பிளாஞ்ச் ஆன் தி லாம்', வீட்டு வேலை செய்யிற கறுப்பினப் பெண்தான் அதுல துப்பறியிறதே, எஜமானுங்க அவ முன்னாடி வாயைக் கட்டாம பேசுவாங்க, ஏன்னா அவ இருக்கிறதே அவங்க கண்ணுல படாது.

இந்த செட் ஒரு இடத்துல நிக்காதுங்கிறதுதான் எனக்குப் பிடிச்சது. எட்டு பேருல யாரு பிடிச்சுதோ அவங்களோட மத்த புத்தகத்துக்குப் போகலாம், ஹோல்டிங் மட்டும் 18 துப்பறியும் நாவல் எழுதியிருக்காங்க, ஹிச்சன்ஸ் டி.பி. ஓல்சனா எழுதினது ஒரு வயசான அம்மாவும் பூனையும் வர்ற வரிசை, அது வேற மாதிரி ஜாலி. அங்கிருந்து பக்கத்து வீட்டுக்குத் தாவலாம். இங்கிலாந்துல சீலியா ஃப்ரெம்லின், 1958ல 'தி ஹவர்ஸ் பிஃபோர் டான்', கைக்குழந்தை ராத்திரி பூரா அழுது தூக்கமே இல்லாத ஒரு அம்மா, மாடியில புதுசா குடிவந்த ஒருத்தி, தூக்கக் கலக்கத்துல எது நிஜம்னே தெரியாது, பிள்ளை பெத்தவங்க படிச்சா சிரிப்பும் வரும் அழுகையும் வரும். 1960ல எட்கர் வாங்குச்சு. ஜப்பான்ல மியாபே மியூகியோட 'ஆல் ஷி வாஸ் வொர்த்', கிரெடிட் கார்டு கடனை வச்சு இவ்வளவு பெரிய த்ரில்லர் எழுத முடியுமான்னு ஆச்சரியப்படுவீங்க. கிரினோ நட்சுவோவோட 'அவுட்', சாப்பாட்டுப் பெட்டி தயாரிக்கிற ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட் பார்க்கிற பொம்பளைங்க, அதுல ஒருத்தி புருஷனைக் கொன்னுடறா, மிச்சப் பேரு உதவிக்கு வர்றாங்க, வயிறு திடமா இருந்தா மட்டும் தொடுங்க. நம்ம பக்கத்துல கல்பனா சுவாமிநாதன், மும்பை சர்ஜன், ரிட்டயர் ஆன போலீஸ்காரம்மா லல்லியை வச்சு ஆங்கிலத்துல எழுதுறாங்க. லல்லிக்கு அறுபது தாண்டிடுச்சு, யாருக்கும் அசிஸ்டெண்டும் கிடையாது.

எந்த வரிசையில படிக்கிறதுன்னு கேட்டா, வால்யூம்ல இருக்கிற வரிசையை விடுங்க. 'தி பிளாங்க் வால்' மொதல்ல, அப்புறம் 'மிஸ்சிஃப்', அது ஒரு ராத்திரிக்குத்தான் ஆகும், அப்புறம் 'பீஸ்ட் இன் வியூ', அதுக்கப்புறம் ரெண்டு நாள் இடைவெளி விட்டு 'இன் எ லோன்லி பிளேஸ்'. 'லாரா'வும் 'தி பிளண்டரர்'ரும் எப்ப வேணா. 'ஃபூல்ஸ் கோல்ட்' பயணத்துக்கு. 'தி ஹாரிசாண்டல் மேன்' கடைசியா, பொறுமை மிச்சமிருந்தா.

மார்க்கு அஞ்சுக்கு நாலேகால். மீதி முக்காலை பேப்பருக்கும் விலைக்கும் அந்தத் தேர்வுக்கும் ஆளுக்குக் கொஞ்சமா குறைச்சிருக்கேன்.